மஞ்சப்பையை வைத்து அடையாளம் கண்டார்கள்: செட்டிநாட்டு ஊர் ஒன்றில் ரெய்டுக்குப் பிறகு நடந்தவை

இந்த ஆய்வில் வரும் பெண்ணின் சம்மதத்தோடு எழுதப்பட்டது இது. அவர் யாரென்று தெரிந்துவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். நடந்தவற்றின் வரிசையை மாற்றவில்லை.

பின்னணி

அவருக்கு அப்போது வயது 38. பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றின் பின்கட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து, எட்டாம் வகுப்பு படிக்கும் மகளோடு இருந்தார். அந்த வீட்டுக்குப் பங்காளிகள் பலர். சென்னையிலும் கோவையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். ஊரில் தங்கியிருப்பது வயதான ஆச்சி ஒருவர் மட்டும். சாவியும் வாடகை நோட்டும் அவரிடம்தான். வாடகைப் பத்திரம் எதுவும் கிடையாது. நோட்டில் மாதம் ஒரு வரி எழுதுவார், அவ்வளவுதான்.

பெண்ணுக்குப் பகலில் பலகாரக் கூடத்தில் வேலை. தேன்குழல் பிழிவார், மனகோலத்துக்குப் பாகு காய்ச்சுவார், சீப்புச்சீடை சுற்றுவார். கல்யாண மாதங்களிலும் தீபாவளிக்கும் கை ஓயாது. ஆடியிலும் மார்கழியிலும் அடுப்பே எரியாது. அந்த மாதங்களின் வாடகையும் மகளின் டியூஷன் பணமும் பாலியல் தொழிலில் வந்தன. சொந்த ஊருக்குள் தொழில் செய்வதில்லை என்று அவரே ஒரு விதி வைத்திருந்தார். கணவர் வேறு மாவட்டத்தில் இருக்கிறார். பிரிந்து பல வருடம் ஆகிறது, சட்டப்படி விவாகரத்து ஆகவில்லை. ரேஷன் கார்டில் பெயர் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறது.

பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களோடு வேலை செய்கிறது எங்கள் குழு. அதில் சக கல்வியாளராக, அதாவது இந்தப் பெண்களோடு பழகி உடல்நலம் பற்றிச் சொல்லித்தருபவராக, இருக்கும் அக்காவுக்கு அவரை முன்பே தெரியும். எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்கும் பால்வினை நோய்களுக்குச் சிகிச்சை தரும் சுகவாழ்வு மையத்துக்கும் தவறாமல் போய்வருகிறவர் என்ற அளவில்தான் பழக்கம். எங்களிடம் அதுவரை எந்த உதவியும் கேட்டதில்லை.

அந்த இரவு

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. பக்கத்து நகரத்து லாட்ஜ் ஒன்றில் போலீஸ் ரெய்டு. மேலாளரும் ஏஜென்டும் கைதானார்கள். இரண்டு பெண்கள் ‘மீட்கப்பட்டார்கள்’. அவர்களில் ஒருவர் இவர்.

இந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. ஊரில் பாதிப் பேர், ஏன், சில அலுவலர்களும்கூட, பாலியல் தொழில் செய்வதே குற்றம் என்று நினைக்கிறார்கள். 1956ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டம் தண்டிப்பது விடுதி நடத்துவதை, பிறர் வருமானத்தில் வாழ்வதை, ஆள் சேர்ப்பதை, பொது இடத்தில் அழைப்பதை. வயது வந்த ஒரு பெண் தானாகத் தொழில் செய்வதை அது குற்றமாக்கவில்லை. ஆனால் கோயில், பள்ளிக்கூடம், மருத்துவமனை இவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் நடந்தால் குற்றம் என்று 7ஆம் பிரிவு சொல்கிறது. தெருவுக்குத் தெரு கோயில் இருக்கிற எங்கள் பக்கத்து ஊர்களில் 200 மீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள், கண்மாய்க்கரைதான் மிஞ்சும்.

ரெய்டு எப்படி நடக்க வேண்டும் என்பதற்கும் அதே சட்டத்தில் விதி உண்டு. தேடுதலுக்கு ஊர்க்காரர் இருவரைச் சாட்சியாக அழைக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். போலீஸ் தரப்பில் குறைந்தது இரண்டு பெண் காவலர்கள் உடன் வர வேண்டும். அன்றிரவு பெண் காவலர் ஒருவர்தான் வந்ததாக அவர் சொல்கிறார். லாட்ஜ் வாசலில் யார் யாரோ நின்றிருக்கிறார்கள். வேனில் ஏற்றும்போது ஒருவர் போனில் படம் எடுத்தார்.

மாஜிஸ்திரேட் முன் ஆஜர்படுத்தினார்கள். அங்கிருந்து வெளி மாவட்டத்துக் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். விசாரணை முடியும்வரை இப்படி இடைக்காலமாக வைத்திருக்கலாம், ஆனால் மூன்று வாரத்தைத் தாண்டக் கூடாது. சட்டப்பணிகள் ஆணைக்குழு நியமித்த வழக்கறிஞர் ஆதார் அட்டையை வைத்து வயதை நிரூபித்தார். யாருடைய கட்டாயமும் இல்லை, வீட்டுக்குப் போக விரும்புகிறார் என்ற வாக்குமூலத்தையும் தாக்கல் செய்தார். நாலாம் நாள் விடுவித்தார்கள். அந்த நாட்களில் மகள் எங்கே இருந்தாள் என்றால், முன்கட்டில் ஆச்சியிடம். தன் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுக்க வைத்து, பள்ளிக்கும் அனுப்பியிருக்கிறார்.

ஊர் திரும்பியதும் கண்டவை

அவர் வந்து சேர்வதற்குள் படம் வந்துவிட்டது. தெருவாசிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தார். கையில் பலகாரக் கூடத்தின் பெயர் அச்சடித்த மஞ்சப்பை இருந்தது. அதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். நாளிதழின் உள்ளூர்ப் பதிப்பில் ‘அழகிகள் மீட்பு’ என்ற தலைப்பில் செய்தி. பெயருக்குப் பதில் முதலெழுத்து, ஆனால் வயதும் தெருவும் இருந்தன. முதலெழுத்து, வயது, தெரு மூன்றும் இருந்தால் இந்த ஊர்களில் பெயரைப் போட்டது மாதிரிதான்.

ஒரே வாரத்துக்குள் நான்கு இடத்தில் கதவு அடைபட்டது. பலகாரக் கூடத்தில், “இப்ப வர வேணாம், ஆர்டர் போறதெல்லாம் வீடுகளுக்கு” என்றார்கள். வேலை உச்சத்தில் இருக்கும் நேரம் அது. பிறகு உரிமையாளரின் மனைவி தனியே கூப்பிட்டு, ரத்தப் பரிசோதனை முடிவைக் கொண்டுவந்து காட்டினால் யோசிக்கலாம் என்றார். பள்ளியில் இரண்டு மூன்று பெற்றோர் தலைமையாசிரியரைப் பார்த்திருக்கிறார்கள். அவர் மகளைக் கூப்பிட்டு, “அம்மாவை வரச் சொல்லு, டி.சி. விஷயமா பேசணும்” என்றிருக்கிறார். யாரோ குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்ததால் குழந்தைகள் நலக் குழுவிலிருந்து விசாரணைக் கடிதம் வந்தது. ஆச்சியும் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். “நான் சொல்லலத்தா. பங்காளிக சொல்றாக. மெட்ராஸ்ல இருந்து ராத்திரி பூரா போனு.”

அவரை உலுக்கியது நீதிமன்றம் அல்ல, 1098 கடிதம்தான். “பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாகளாக்கா?” என்பதுதான் எங்கள் அக்காவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி.

முடிவு எடுத்த விதம்

குழுவில் இரண்டு கருத்து இருந்தது. வழக்கறிஞர் உட்படச் சிலருக்கு இதை வெளிப்படையாக எடுத்துப் போராட வேண்டும் என்று தோன்றியது. புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 மே 19 அன்று பிறப்பித்த உத்தரவு கையில் இருந்தது. கொல்கத்தாவில் கொலையான ஒரு பாலியல் தொழிலாளி தொடர்பான வழக்கில் குற்றவாளியின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்த நீதிமன்றம், 2011இல் அதையே பொதுநல வழக்காக மாற்றிக் குழு அமைத்தது. அதன் பரிந்துரைகளிலிருந்து வந்தது இந்த உத்தரவு. போலீஸ் இவர்களைக் கண்ணியமாக நடத்த வேண்டும், ரெய்டில் சிக்கியவர்களின் அடையாளம் ஊடகத்தில் வரக் கூடாது, ஆணுறையைக் குற்றத்துக்குச் சான்றாக எடுக்கக் கூடாது, தொழிலை மட்டுமே காரணமாக்கித் தாயிடமிருந்து குழந்தையைப் பிரிக்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது.

சக கல்வியாளர் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “போராட்டம் பண்ணிட்டு நீங்க ஆபீசுக்குப் போயிருவீக. அவ அதே தெருவுல தண்ணி பிடிக்கணும்ல?”

கடைசியில் அவரிடமே கேட்டோம். அவர் வரிசையாகச் சொன்னார்: பிள்ளை என்னோடு இருக்க வேண்டும், முழுப் பரீட்சை இதே பள்ளியில் எழுத வேண்டும், படம் போக வேண்டும், வேலை. போலீஸ் மீது நடவடிக்கை என்பது அந்த வரிசையில் இல்லை. யாரிடமும் போய் ‘ஆமாம், நான் அந்தத் தொழில்தான்’ என்று சொல்ல மாட்டேன், ‘இல்லை’ என்றும் பொய் சொல்ல மாட்டேன் என்றார்.

பிறகு ஒவ்வொரு அலுவலகத்திலும் இதையே அளவாக வைத்துக்கொண்டோம். அந்த அலுவலகம் தன் கடமையைச் செய்ய அவர் யார் என்று தெரிந்தாக வேண்டுமா? வேண்டாம் என்றால் சொல்வதில்லை.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளுக்குப் போகவில்லை. அங்கே வரிசையில் நிற்கும்போதே கேமராக்கள் இருக்கும். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பேச முடியும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்பதால் ‘யார், என்ன தொழில்’ என்ற பத்தியே விண்ணப்பத்தில் தேவைப்படவில்லை.

குழந்தைகள் நலக் குழு

முதலில் இதை எடுத்தோம். இங்கே மட்டும் உத்தரவின் நகலை நேரடியாக வைக்க வேண்டியிருந்தது. புகாரே தாயின் தொழிலைப் பற்றியது என்பதால் மௌனம் உதவாது. வழக்கறிஞர் வைத்த கோரிக்கைகள் சிறியவை: விசாரிக்க வருபவர் சீருடையில் வரக் கூடாது, பெண் பணியாளராக இருக்க வேண்டும், மகளிடம் தனியே பேச வேண்டும். மூன்றும் கிடைத்தன. வருகைப் பதிவு, தடுப்பூசி அட்டை, மதிப்பெண் பட்டியல் இவற்றைக் கொடுத்தோம். வந்த பணியாளர் ஆச்சியையும் கேட்டிருக்கிறார். “பிள்ள படிக்குது. தலை சீவிவிட்டுத்தான் அனுப்புவா. வேற என்ன கேக்குறீக?” என்று ஆச்சி சொன்னதாக அறிக்கையில் இருந்தது. காலி பண்ணச் சொன்ன அதே ஆச்சிதான். குழந்தை தாயுடன் இருக்கலாம் என்று குழு விசாரணையை முடித்தது.

பள்ளி

மகள் எட்டாம் வகுப்பில் இருந்தது எங்களுக்குச் சாதகம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. மன ரீதியான துன்புறுத்தலையும் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. பெற்றோர் கேட்டால் மட்டுமே மாற்றுச் சான்றிதழ் என்ற பேச்சே எழும். இந்தப் பெற்றோர் கேட்கவில்லை.

தலைமையாசிரியரைப் பார்க்க எங்கள் குழுவின் சட்டத் தன்னார்வலர் தாயோடு போனார். படத்தைப் பற்றித் தலைமையாசிரியர் பேச்செடுத்தபோது, “சார், படத்துல யார்னு பேச நாங்க வரல. எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு வகுப்புல என்ன நடக்குதுன்னு பேச வந்தோம்” என்றார். மூன்று நாளாக அவளோடு யாரும் உட்காரவில்லை, ஒரு பையன் போனில் படத்தைக் காட்டியிருக்கிறான் என்று விவரமாகச் சொன்னார். தலைமையாசிரியர் கெட்டவர் அல்ல. சத்தம் இல்லாமல் முடிய வேண்டும் என்பதுதான் அவர் கவலை. டி.சி. கொடுப்பதால் அதிகச் சத்தம் வரும் என்பது புரிந்ததும் பேச்சு திசை மாறியது. வகுப்பாசிரியை உட்காரும் இடங்களை மொத்தமாக மாற்றினார். அந்தப் பையனின் தகப்பனாரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். கேலி முழுவதும் நிற்கவில்லை. மார்கழிவாக்கில் குறைந்தது.

படம்

இதில் வழக்கறிஞரின் கணிப்பைப் பதிவு செய்ய வேண்டும். மீட்பு என்ற பெயரில் படம் எடுத்து ஒளிபரப்புவதைத் தடுக்க, அந்தரங்கத்தைப் படம்பிடிக்கும் குற்றப் பிரிவை ஊடகங்கள் மீது கண்டிப்பாகப் பயன்படுத்த வேண்டும் என்று 2022 உத்தரவு சொல்கிறது. அது அப்போது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 354சி, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77. ஆனால் வேனில் ஏறும் பெண்ணின் படம் அந்தப் பிரிவுக்குள் எளிதில் அடங்காது. பெண்ணின் தனியுரிமையில் தலையிடுவதைத் தண்டிக்கும் 79ஆம் பிரிவு ஓரளவு பொருந்தலாம். எப்படி இருந்தாலும் முதல் தகவல் அறிக்கைக்கு அவர் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். ஊர் முழுக்க இன்னொரு முறை பேசும்.

அதனால் வழக்கறிஞர் வாட்ஸ்அப் குழுவை நடத்துபவரைப் போனில் அழைத்தார். பெயர் எதையும் சொல்லவில்லை. இந்தத் தேதியில் இந்தப் படம் உங்கள் குழுவில் இருக்கிறது, இருக்கும்வரை பொறுப்பு உங்களுடையதும்தான் என்றார். அரை மணி நேரத்தில் நீக்கிவிட்டார். வேறு குழுக்களுக்குப் போனதை எதுவும் செய்ய முடியவில்லை.

நாளிதழ் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினோம். பத்திரிகைக் கவுன்சிலுக்குப் போவதென்றால் முதலில் ஆசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும், செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் புகார் போக வேண்டும். இணையப் பதிப்பில் தெருப் பெயரை எடுத்தார்கள். அச்சில் வருத்தமோ திருத்தமோ வரவில்லை. அவர் வேண்டாம் என்றதால் கவுன்சிலுக்குப் போகவில்லை.

பலகாரக் கூடமும் ரத்தப் பரிசோதனையும்

குழுவுக்குள் அதிகம் வாதம் நடந்தது இதில்தான். அவருடைய கடைசிப் பரிசோதனை முடிவு நெகட்டிவ். காட்டினால் வேலை திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு இருந்தது. “காமிச்சா முடிஞ்சுபோச்சுல்ல?” என்று அவரே கேட்டார்.

எச்.ஐ.வி. பலகாரத்தால் பரவாது. 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் (2017), வேலைக்கு நிபந்தனையாகப் பரிசோதனை கேட்பதைத் தடை செய்கிறது. இதெல்லாம் உரிமையாளரின் மனைவிக்கு எடுத்துச் சொல்லப்பட்டது, கேட்டுக்கொண்டார். ஆனால் அந்தப் பயம் நேற்று வந்தது அல்ல. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது பாலியல் தொழில் செய்த பெண்களின் ரத்த மாதிரிகளில். அவர்களில் பலர் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்தவர்கள். அன்று தொடங்கி நோய் என்றாலே இவர்கள் முகம்தான் ஊர் மனதில் நிற்கிறது. அவர்களுக்குத் தொற்றைக் கொண்டுவந்த ஆண்களின் முகம் யாருக்கும் நினைவில்லை.

காட்டக் கூடாது என்று குழுவில் சிலர் வாதாடினார்கள். இவர் நெகட்டிவ் காட்டி உள்ளே போனால், பாசிட்டிவாக இருக்கும் அடுத்த பெண்ணால் எதையும் காட்ட முடியாது. காட்டட்டும், அவர் அடுப்பு எரிய வேண்டும் என்றார்கள் மற்றவர்கள். இரண்டையும் அவரிடம் வைத்தோம். ஒரு நாள் யோசித்துவிட்டுக் காட்டவில்லை என்றார். காரணம் எங்கள் வாதம் அல்ல. “இன்னக்கி அந்தச் சீட்டு. அடுத்த மாசமும் கேப்பாக. ஒவ்வொரு மாசமும் நான் சீட்டு தூக்கிட்டுப் போகணுமா?”

வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அந்தத் தீபாவளிக்குக் கூலி இல்லை. தை பிறந்ததும் சமையல் மேஸ்திரி ஒருவரின் குழுவில் சேர்ந்தார். கல்யாண வீடுகளுக்கு வெளியூர் போய் இரண்டு நாள் தங்கி வேலை, வேலை முடிந்ததும் கையில் பணம். மேஸ்திரிக்கு விஷயம் தெரியும் என்றுதான் நினைக்கிறோம், கேட்கவில்லை. பாலியல் தொழிலை அவர் விட்டுவிட்டாரா என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். இல்லை. விடச் சொல்லி நாங்கள் கேட்டதும் இல்லை.

வீடு

2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி போயிருக்கலாம். தண்ணீர், மின்சாரத்தை நிறுத்திக் குடியிருப்பவரை வெளியேற்ற அந்தச் சட்டம் இடம் கொடுக்காது. ஆனால் எழுத்து ஒப்பந்தமும் பதிவும் இல்லாமல் வாடகை நீதிமன்றத்தில் நிற்பது கடினம் என்று வழக்கறிஞர் சொன்னார். அத்தனை பங்காளிகளுக்கும் நோட்டீஸ் அனுப்பினால் ஆச்சிதான் எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மகளைப் பார்த்துக்கொண்டவரை எதிர்த்தரப்பில் நிறுத்த அவருக்கு மனமில்லை.

பேசித் தீர்த்தோம். வழியைக் காட்டியது ஆச்சிதான். சித்திரை கழிந்து வீட்டில் படைப்பு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது) வருகிறது, பங்காளிகள் எல்லோரும் வந்து தங்குவார்கள், பின்கட்டும் வேண்டும் என்று சென்னைக்குச் சொன்னார். “அதுவரைக்கும் இருக்கட்டும்னுட்டேன். நடுவுல போனா ஊரு ஒண்ணு சொல்லும், படைப்புக்குன்னா யாரு என்ன சொல்ல முடியும்?” மகள் முழுப் பரீட்சையை அதே பள்ளியில் எழுதினாள். அட்வான்ஸ் பிடித்தமில்லாமல் திரும்ப வந்தது. வைகாசியில் பக்கத்து ஊருக்குக் குடிபோனார்கள். அவருக்கு அது தோல்வியாகப் படவில்லை. எங்களில் சிலருக்குப் பட்டது.

காவல் துறை

அவர் வழக்கிலிருந்து தனியே, சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாகக் காவலர்களுக்கு ஒரு கூட்டம் கேட்டோம். நடந்தது. அவர் வரவில்லை, அக்கா பேசினார். 2022 உத்தரவைத் தமிழில் இரண்டு பக்கத்தில் சுருக்கிக் கொடுத்தோம். ஒரு உதவி ஆய்வாளர், “புகார் வந்தா நாங்க போகாம இருக்க முடியுமா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. போகலாம், ஆனால் சட்டம் சொன்ன பெண் காவலர்களோடும் சாட்சிகளோடும் போக வேண்டும், போன்களை வெளியே வைக்க வேண்டும் என்பதே அக்காவின் பதில். அதன் பிறகு அந்தப் பக்கம் நடந்த ஒரு ரெய்டில் படம் எதுவும் வெளியே வரவில்லை. கூட்டத்தின் விளைவா, தற்செயலா, சொல்ல முடியாது.

நடைமுறையில் மாற்றியவை

குழுவோடு தொடர்பில் இருக்கும் பெண்கள் இப்போது வயதுக்கான சான்றின் நகலையும், ‘இரவு நான் வராவிட்டால் பிள்ளை யாரிடம்’ என்ற ஒரு பெயரையும் முன்கூட்டியே அக்காவிடம் கொடுத்து வைக்கிறார்கள். ரெய்டு செய்தி தெரிந்தால் வழக்கறிஞருக்கும் 15100 சட்ட உதவி எண்ணுக்கும் அன்றிரவே சொல்கிறோம். நாளிதழ்களுக்கு ரெய்டுக்குப் பின் கடிதம் எழுதுவதைவிட, நிருபர்களை முன்பே பார்த்துப் பேசுவது பலன் தருகிறது. வாடகை வீட்டுக்கு எழுத்து ஒப்பந்தம் போட உதவுகிறோம், ஆனால் பழைய வீடுகளின் பின்கட்டு வாடகைக்கு அது அரிதாகத்தான் நடக்கிறது.

நிலுவை

ரேஷன் கார்டு இன்னும் கிடைக்கவில்லை. கணவர் வீட்டுக் கார்டிலிருந்து பெயரை நீக்க அந்தத் தரப்பு ஒத்துழைக்கவில்லை. தனிக் கார்டு இல்லாததால் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகைக்கும் விண்ணப்பிக்க முடியவில்லை. பாலியல் தொழிலாளர்களுக்கு ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் வழங்க 2021 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அதைச் சுட்டி மனு எழுதினால் சீக்கிரம் நடக்கக்கூடும். விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஆனால் வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனு எத்தனை மேசைகளைக் கடந்து போகும் என்று அவருக்குத் தெரியும். புது ஊரில் யாருக்கும் எதுவும் தெரியாது. அதனால் ‘கணவரைப் பிரிந்து வாழும் பெண்’ என்ற பெயரிலேயே மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்.